வலது கன்னம்

டார்சி முல்வேனின் முகத்தை
மூக்குத்தண்டோடு ஒரு கோடு போட்டு
இரண்டாகப் பிரித்தோம்.
உறையைக் கிழித்தவள் நான். சீட்டில் இருந்தபடி
வலப்பக்கத்துக்குக் களிம்பு,
இடப்பக்கத்துக்குக் குளிர்.

கண்ணைவிட விரல் நன்றாக எண்ணும்.
உப்புத்தாள் போலச் சொரசொரக்கிற இடமெல்லாம்
ஒன்று, ஒன்று, ஒன்று.
வலப்பக்கம் பத்தொன்பது. இடப்பக்கம் ஏழு.
"ஜன்னல்" என்றார்.
முப்பத்தோரு வருடம் மாட்டு லாரி.
இந்த நாட்டில் ஓட்டுகிறவர் வலப்புறம் உட்காருகிறார்;
வெயிலும் கூடவே ஏறிக்கொள்கிறது
டிக்கெட் வாங்காமல்.

நிழலின் அருமை வெயிலில் தெரியுமாம்.
யாருக்கு?
வெயிலில் இருந்தபோது இவருக்குத் தெரிந்தது
சாலையும் ஈயும்தான்.

"இது புற்றா?"
இல்லை.
"ஆகுமா?"
பெரும்பாலும் ஆகாது. ஆகப்போவது எது என்று
பார்த்துச் சொல்ல எங்களால் முடியாது.
அதனால்தான் எல்லாவற்றுக்கும் வைத்தியம்.
"ஒரு மாட்டில் உண்ணி கண்டால்
மந்தையையே மருந்துத் தொட்டியில் இறக்குவோம்"
என்றார் டார்சி.
இவ்வளவு சரியாக எந்த டாக்டர் சொல்லியும்
நான் கேட்டதில்லை.

குளிருக்குப் பத்து நொடி.
திரவ நைட்ரஜன் புகைந்தது,
கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
"சிகரெட் நுனியால் சுட்ட மாதிரி. ஆனாலும்
முடிந்துவிட்டது, பார்."

களிம்புக்கு நான்கு வாரம், காலையும் இரவும்.
அதற்கென்று ஒரு நாட்குறிப்பு கொடுத்தனுப்பினோம்.

மூன்றாம் நாள்: ஒன்றுமில்லை. மருந்து பழசோ?
ஒன்பதாம் நாள்: பழசில்லை.
பதினான்காம் நாள்: ரோமா பெட்ரோல் பங்கில்
ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழுதது.
திரும்பி இடப்பக்கத்தைக் காட்டினேன்.
நிறுத்திவிட்டது.
பதினேழு முதல் இருபது வரை: போடவில்லை.
ஷெல்பியின் கல்யாணம்.
நிறுத்தியும் சிவப்பு போகவில்லை.
எல்லாப் படத்திலும் எனக்கு
ஒரு கன்னம்தான்.

'தவறவிட்ட நாள்: நான்கு' என்று பதிந்தேன்.
காரணம் கேட்க அந்தப் படிவத்துக்கு வாயில்லை.

அடுத்த பக்கம்: மருத்துவச் சேவைப் பயன்பாடு.
டார்சி முல்வேன், வருகை மூன்று.
ஒட்டிலி க்ராவ்ஸ், வருகை மூன்று.
ஒட்டிலி எங்கள் எதிர்த்தெரு.
அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு வருவார்,
கொதிப்பதற்குள் போய்விடுவார்.
டார்சி சார்ல்வில்லில் இருந்து வருகிறார்,
அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்,
கங்காருக்கள் ரோட்டுக்கு வரும் நேரத்தில் கிளம்பி,
ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு,
அதே வலது ஜன்னலோரம்.
மூன்றும் மூன்றும் சமம்.
கணினி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது.

ஒரு வருடம் கழித்து
மறுபடி விரலால் எண்ணினேன்.
களிம்பு போட்ட பக்கம் பத்தொன்பதில் நான்கு.
குளிர் வைத்த பக்கம் ஏழில் ஐந்து,
அதில் இரண்டு புதிது.
எனக்குச் சிரிப்பு வந்தது; புள்ளியியல்காரர் சிரிக்கவில்லை.
ஒரு முகம் சாட்சியாகாது என்றார்.
இன்னும் இருநூற்றுச் சொச்சம் முகங்கள் வர வேண்டுமாம்,
எல்லாம் பாதிப் பாதியாக.

நாட்குறிப்பை மூடப்போனபோதுதான்
கடைசிப் பக்க ஓரத்தில்
பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்தேன்:

வண்டி ஜன்னலுக்கு வெயில்தாள் ஒட்டினேன்.
இருநூற்று நாற்பது டாலர். முதலாளி தரமாட்டான்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தேடினேன்.
களிம்புக்கு ஒரு கட்டம். குளிருக்கு ஒன்று.
விளக்கொளிச் சிகிச்சைக்கு, கத்திக்கு,
பஞ்சுக்குக்கூட ஒன்று இருந்தது.
எல்லாவற்றுக்கும் கடைசியில் 'பிற',
எட்டே எட்டு எழுத்து பிடிக்கும்.

ஜன்னல் என்று அடித்தேன்.
இன்னும் நாலு எழுத்துக்கு
இடம் இருந்தது.